இருளில் கேட்ட குரல்: இரட்சணிய யாத்திரிகமும் எங்கள் தோட்டத்து இரவுகளும்



சில காலத்துக்கு முன் உயர்தர வகுப்பில் தமிழிலக்கிய வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். 19ஆம் நூற்றாண்டுக்கு வந்திருந்தோம். எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். சொல்லிக்கொண்டு போகையில் குரல் சற்றுத் தழுதழுத்திருக்க வேண்டும். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"சேர், நீங்க நெத்தியில விபூதி இல்லாம ஒரு நாளும் வந்ததில்ல. நம்மளோடது இந்துக் கல்லூரி. கிறிஸ்தவப் புத்தகத்துக்கு ஏன் சேர் இப்பிடி உருகுறீங்க?"

வகுப்பு சிரித்தது. அவள் குறும்புக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினாள். 'நல்ல தமிழ் எங்கிருந்தாலும் நல்ல தமிழ்தானே' என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அந்தப் பதில் பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. அன்று சொல்லாமல் விட்டதை இன்று உங்களிடம் சொல்கிறேன்.

அதைச் சொல்ல 1981ஆம் ஆண்டுக்குப் போகவேண்டும். அப்போது நான் தவழ்ந்து எழுந்து நிற்கப் பழகிய குழந்தை. ஆகவே இது என் நினைவன்று. என் அம்மாவின் நினைவு. பலமுறை கேட்டுக் கேட்டு என் நினைவாகவே ஆகிவிட்ட ஒன்று.

இரத்தினபுரி மாவட்டத்தில் காவத்தைப் பக்கத்து இறப்பர்த் தோட்டமொன்றில் எங்கள் குடும்பம் இருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இரத்தினபுரி, காவத்தைப் பகுதித் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் மீது வன்செயல் கட்டவிழ்த்து விடப்பட்டதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். லயங்கள் எரிந்தன. பல குடும்பங்கள் இருந்ததைப் போட்டுவிட்டு இடம்பெயர்ந்தன. 1977இலும் பட்டவர்கள், 1983இலும் பட்டவர்கள், இடையிலே 1981இலும் பட்டார்கள். சப்ரகமுவத் தோட்டங்கள் பெரும்பாலும் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடப்பவை. நுவரெலியாவில்போல மலைக்கு மலை நம்மவர் என்ற நிலை இங்கில்லை. அதனால் அச்சமும் இங்கே வேறு மாதிரியானது. நல்ல நாளில் அரிசியும் பலாக்காயும் கொடுத்து வாங்குகிற அயலவர் நடுவே, கெட்ட நாளில் யார் எப்படி என்று தெரியாத அச்சம் அது.

அன்று பொழுது சாய்ந்ததும் கீழ்லயத்துப் பக்கம் கூச்சல் கேட்டிருக்கிறது. அப்பா மற்ற ஆண்களோடு பாதைப் பக்கம் போய்விட்டார். பெண்களும் பிள்ளைகளும் மேட்டிலிருந்த பால்மரக் காட்டுக்குள் ஓடினார்கள். தூறல் மழை. காலில் அட்டை. கீழே ஒரு லயம் எரிகிற வெளிச்சம் மரங்களுக்கிடையே தெரிந்ததாம். நான் அழுதுவிடக்கூடாதென்று அம்மா என்னை மார்போடு அழுத்திப் பிடித்திருந்தாராம். "மூச்சு முட்டிச் செத்துருவியோன்னும் பயம், அழுது காட்டிக் குடுத்துருவியோன்னும் பயம். ரெண்டு பயத்துக்கும் நடுவுல இருந்தேன்டா தம்பி" என்பார்.

அந்தக் கூட்டத்தில் ஒரு கிழவி இருந்தார். தோட்டத்தில் எல்லோருக்கும் அவர் 'உபதேசியார் வீட்டுப் பாட்டி'. கணவர் தோட்டத்து வேதக்கோயிலில் உபதேசியாராக இருந்தவர். அந்த ஆண்டு சித்திரையில்தான் அவரை அடக்கம் செய்திருந்தார்கள். கணவரை இழந்து நான்கு மாதம் ஆகாத அந்தப் பெண், இருட்டில், அடிக்குரலில், எதையோ சொல்லத் தொடங்கினார். ஜெபம் என்று அம்மாவுக்கு விளங்கியது. சொற்கள் எல்லாம் பிடிபடவில்லை. ஓர் ஆயன், ஆடு, இருண்ட பள்ளத்தாக்கு, ஒரு கோல்; இவ்வளவுதான் அம்மாவுக்கு நினைவிருந்தது. எங்கள் அம்மா மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுத்தவர். ஆயினும் அந்தக் குரலைப் பற்றி அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "நடுக்கம் நிக்கலடா. ஆனா அந்தக் கொரலு கேட்டதும் இருட்டுல நா மட்டும் தனியா இல்லன்னு தெரிஞ்சிச்சு. அது போதும்போல இருந்துச்சு."

விடிந்தபோது எங்கள் காம்பராவும் பாட்டியின் காம்பராவும் சாம்பலாகியிருந்தன. ஒரு சிங்கள அம்மா கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததாகவும் அம்மா சொல்வார்; அதையும் சொல்லாமல் விடக்கூடாது. சில நாள் கழித்து அம்மா பாட்டியிடம் கேட்டிருக்கிறார்: "ஒங்க சாமி நம்மள காப்பாத்திட்டாருல்ல பாட்டி?" பாட்டி சொன்ன பதில் இது: "வீடு எரிஞ்சு போச்சே தாயி. எங்க வீட்டுக்காரரு வச்சிருந்த வேதப்புத்தகமும் சேர்ந்துதான எரிஞ்சிச்சு. காப்பாத்துனாருன்னு சொல்ல எனக்கு நாக்கு வரல. கூட இருந்தாரு. அத மட்டும் சொல்லுவேன்."

பிறகு இரு குடும்பமும் கேகாலை மாவட்டத்தில் எட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றுக்கு, உறவினரை நம்பி, வந்து சேர்ந்தன. நான் வளர்ந்தது அங்கேதான்.

பாட்டியின் அந்தக் குரல் எங்கிருந்து வந்தது? இலக்கிய வரலாற்று மாணவனான பின்பு இந்தக் கேள்வி என்னைத் தொடர்ந்தது. கோப்பித் தோட்டக் காலத்திலேயே, 1854இல், தோட்டத் தொழிலாளருக்கென ஒரு கிறிஸ்தவ ஊழியம் இலங்கையில் தொடங்கியது. அக்கால வழக்கின்படி அதற்கு வைத்த பெயர் 'தமிழ்க் கூலி மிஷன்'. அதற்கு உபதேசியார்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தார்கள். தொழிலாளரோடு தொழிலாளராக மலையேறி, லயத்து இஸ்தோப்புகளில் இருந்து வாசித்தும் பாடியும் ஜெபித்தும் வந்தவர்கள் அவர்கள். பாட்டியின் மாமனார் வழியும் திருநெல்வேலிதான்.

அதே திருநெல்வேலியில்தான் நம் கவிஞரும் பிறந்தார். பாளையங்கோட்டையை அடுத்த கரையிருப்பு அவரது ஊர், ஆண்டு 1827. வைணவ வேளாளர் குடும்பம். தந்தை சங்கரநாராயண பிள்ளை கம்பராமாயணத்தில் தோய்ந்தவர். வீட்டிலே கம்பனைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, இலக்கண இலக்கியங்களை முறையாகக் கற்று, சாயர்புரத்தில் கிறிஸ்தவ மிஷன் கல்விக்கூடத்தில் தமிழாசிரியரானார். அப்போது அவர் நெற்றியில் நாமம் இருந்தது. கிறிஸ்தவ நிறுவனத்தில் வைணவத் தமிழாசிரியர்! இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு தனி நெருக்கம் தோன்றும். நமக்கு முன்னே இந்தத் தொழிலில், இப்படி ஒரு வாசற்படியில், ஒருவர் நின்றிருக்கிறார்.

அவர் அந்தப் படியைத் தாண்டினார். 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்று ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ணபிள்ளை ஆனார். சென்னையில் பேர்சிவல் பாதிரியாரின் 'தினவர்த்தமானி' இதழில் துணையாசிரியராகவும் இருந்தார். இந்தப் பேர்சிவல் நமக்கு அந்நியரல்லர். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைகொண்டு வேதாகமத்தைத் தமிழாக்கியவர் அவரே. நாவலர் அந்தப் பணியைச் செய்தும் சைவராகவே நின்றார். நின்றது மட்டுமன்றிச் சைவத்துக்காக வாழ்நாள் முழுவதும் வாதாடினார். கிருஷ்ணபிள்ளை படி தாண்டிப் போனார். ஒருவர் நின்றார், ஒருவர் போனார். இருவரும் தமிழுக்குச் செய்தது பெரிது. சமய நூலைக் கற்பதற்குச் சமயம் மாறவேண்டிய அவசியமில்லை என்பதற்கு நாவலரைவிடச் சாட்சி எனக்குத் தேவையில்லை.

கிருஷ்ணபிள்ளை எழுதிய பெருங்காப்பியம் இரட்சணிய யாத்திரிகம். 3766 பாடல்கள். ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்கள். 'நற்போதகம்' என்ற சமய மாத இதழில் 13 ஆண்டுகள் தொடராக வெளிவந்து, 1894இல் நூலாயிற்று. 1900இல் ஆசிரியர் மறைந்தார். 'கிறிஸ்தவக் கம்பர்' என்று அவரைச் சொல்வது வெறும் உபசாரமன்று. விருத்தத்தின் நடையும் வருணனையின் போக்கும் கம்பனிடம் பயின்ற கை என்பதை வாசித்த சிறிது நேரத்திலேயே காட்டிவிடும். இடையிடையே அவர் வைத்த இசைப்பாடல்களுக்குத் 'தேவாரம்' என்றே பெயரிட்டார். அந்தப் பெயரைக் கண்டு முகஞ்சுளித்த சைவர்களும் உண்டு. எனக்கோ, அச்சத்திலும் துயரிலும் கடவுளை அழைக்கத் தமிழன் எடுக்கிற முதற்பாத்திரம் அதுதான் என்று அவர் அறிந்திருந்தார் எனத் தோன்றுகிறது.

காப்பியத்தின் கதை அவருடையதன்று. ஆங்கிலேயரான ஜோன் பனியனின் நூலைத் தழுவியது. உரைநடைத் தமிழில் 'மோட்ச பிரயாணம்' என்று அது பலருக்குத் தெரிந்திருக்கும். பனியன் பெரிய படிப்பாளியல்லர். ஓட்டைப் பாத்திரம் அடைக்கும் தொழில் செய்தவர். அரசின் அனுமதியின்றிப் பிரசங்கம் செய்தார் என்று 1660இல் சிறைப்பட்டு, ஏறக்குறைய 12 ஆண்டுகள் பெட்ஃபோர்ட் நகரச் சிறையில் கிடந்தார். இனிப் பிரசங்கிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தால் வெளியே வந்திருக்கலாம். வெளியே மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களில் ஒரு பெண்பிள்ளைக்குக் கண் தெரியாது. அந்தப் பிள்ளையை எண்ணி அவர் பட்ட வேதனையை அவரே எழுதியிருக்கிறார். அச்சமும் துயரும் அறியாதவர் எழுதிய ஆறுதல் நூலல்ல இது. 1678இல் வெளிவந்த அந்நூல் உலகின் பற்பல மொழிகளுக்குச் சென்றது.

முதுகில் ஒரு சுமையோடு ஒரு மனிதன் வீட்டைவிட்டுப் புறப்பட்டு வானக நகரத்தை நோக்கி நடக்கிறான். வழியில் அவன் காண்பவை எல்லாம் மனத்தின் நிலைகள். நம்பிக்கையிழப்பு ஓரிடத்தில் சேற்றுக்குழியாகவும், சந்தேகம் இன்னோரிடத்தில் கோட்டையாகவும் நிற்கின்றன. இதைத்தான் உருவகக் காப்பியம் என்கிறோம். அந்த வழியில் மூன்று இடங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். துயரிலும் அச்சத்திலும் ஒரு கிறிஸ்தவருக்கு ஜெபம் என்ன செய்கிறது என்பதை அவை தெளிவாகக் காட்டுகின்றன.

முதலாவது, மரண நிழலின் பள்ளத்தாக்கு. வழி ஒடுங்கியது; ஒருபுறம் ஆழ்பள்ளம், மறுபுறம் புதைசேறு; கண் தெரியாத இருட்டு. பயணியின் இடையில் வாள் இருக்கிறது. சற்று முன்னர்தான் அந்த வாளால் ஒரு பகைவனை வென்று வந்தான். ஆனால் இந்த இருட்டில் வெட்டுவதற்கு உருவமுள்ள எதிரி இல்லை. வாளை உறையிலிட்டு, ஜெபம் என்ற வேறோர் ஆயுதத்தைக் கையில் எடுக்கிறான். அப்போது பேய்கள் பின்னால் வந்து அவன் காதுக்குள் கடவுள் நிந்தனையை முணுமுணுக்கின்றன. அவனோ அவை தன் மனத்திலிருந்தே எழும் சொற்கள் என்று எண்ணி மேலும் கலங்குகிறான். துயரில் இருந்தவர்களுக்கு இது விளங்கும். 'எல்லாம் வீண், எவரும் இல்லை' என்று உள்ளே ஒரு குரல் சொல்லும்போது, அதுதான் நான் என்று நம்பிவிடுகிறோம்.

பிறகு என்ன நடக்கிறது? இருள் அகலவில்லை. ஒளி தோன்றவில்லை. எங்கோ முன்னால், அதே இருட்டில் போகும் இன்னொரு மனிதனின் குரல் கேட்கிறது. அவன் சொல்லிக்கொண்டு போவது 23ஆம் சங்கீதம். ஆயனையும் இருண்ட பள்ளத்தாக்கையும் கோலையும் பற்றிய பாட்டு. அதைக் கேட்டதும் பயணியின் உள்ளம் தெளிகிறது. காரணம் மூன்று: கடவுளை அஞ்சி நடக்கும் இன்னொருவரும் இந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிறார், அவரோடு கடவுள் இருக்கிறார் என்றால் என்னோடும் இருப்பார், விரைந்து நடந்தால் அவரை எட்டிப் பிடித்து ஒரு துணையும் பெறலாம். பிறகுதான் பொழுது விடிகிறது. விடிந்த பின் திரும்பிப் பார்க்கும்போதே தான் எவற்றுக்கிடையே நடந்து வந்தோம் என்று காண்கிறான்.

பல்கலைக்கழக நாட்களில் ஒரு மாலை நூலகத்தில் இந்த இடத்தை முதன்முதல் வாசித்தேன். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். ஆயன், ஆடு, இருண்ட பள்ளத்தாக்கு, கோல். காவத்தைப் பக்கத்துப் பால்மரக் காட்டில் அம்மா கேட்டது அதே சங்கீதந்தான். அம்மா சொன்னதும் பனியன் சொன்னதும் ஒன்றேதான். ஒருவர் எழுத்தறியாதவர், மற்றவர் உலகறிந்த எழுத்தாளர்.

இரண்டாவது இடம், சந்தேகக் கோட்டை. நம்பிக்கையிழப்பு என்னும் அரக்கன் பயணியையும் அவன் தோழனையும் பிடித்து இருட்டறையில் அடைக்கிறான். அடிக்கிறான். 'உயிரை மாய்த்துக்கொள்ளுங்கள்' என்று புத்தி சொல்கிறான். புதன்கிழமை அடைபட்டவர்கள், சனிக்கிழமை நள்ளிரவில் ஜெபிக்கத் தொடங்கி விடியும்வரை ஜெபிக்கிறார்கள். விடியுமுன் பயணிக்குத் திடீரென்று ஒன்று நினைவு வருகிறது: 'வாக்குறுதி' என்னும் திறவுகோல் முதலிலிருந்தே என் மடியில் இருக்கிறதே! வானத்திலிருந்து திறவுகோல் விழவில்லை. இருந்ததை நினைக்க வைத்தது ஜெபம்.

மூன்றாவது, கடைசி ஆறு. பாலமில்லாத மரண ஆறு. இத்தனை வழி நடந்து வந்த பயணியே அதில் இறங்கியதும் அஞ்சி அமிழத் தொடங்குகிறான். தோழன் அவன் தலையை நீருக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, கால் பாவ அடித்தரை இருக்கிறது என்று தைரியம் சொல்லிச் சொல்லிக் கரை சேர்க்கிறான். விசுவாசி சாவுக்கு அஞ்சமாட்டான் என்று பனியன் எழுதவில்லை. அஞ்சுவான், ஆனால் ஒரு கை பிடித்திருக்கும் என்று எழுதினார்.

பனியன் தம் கதையில் கிறிஸ்துவின் பாடுகளை விரித்துச் சொல்லவில்லை. சிலுவையண்டையில் பயணியின் சுமை கழன்று விழுவதோடு நிறுத்திக்கொள்கிறார். கிருஷ்ணபிள்ளை இங்கே தழுவலைத் தாண்டினார். குமார பருவத்தில் இரட்சணிய சரித படலம் என்று தனிப்படலம் வைத்து இயேசுவின் பாடுகளைப் பாடினார். கட்டுண்டு நிற்பவரின் பொறுமை, நிந்திப்பவரின் சொற்கள், பார்த்து நிற்போரின் துயரம் யாவும் அதில் வருகின்றன. இது ஏன் அவருக்குத் தேவைப்பட்டது? நாயகன் யாரென்று தெரியாமல் தமிழ்க் காப்பியம் நடவாது என்பது ஒன்று. இன்னொன்றும் உண்டென்று நினைக்கிறேன். 'கூட இருந்தாரு' என்று பாட்டி சொன்னாரே, கூட இருப்பவர் யார்? துன்பமறியாத ஒருவர் நமக்கு இருட்டில் துணையாக முடியாது. சுவிசேஷங்கள் சொல்லும் இயேசு, பிடிபடுவதற்கு முந்திய இரவில் கெத்செமனே தோட்டத்தில் வியாகுலப்பட்டு, இந்தப் பாத்திரம் நீங்கக்கூடுமானால் நீங்கட்டும் என்று கேட்டவர். பின்னர் உமது சித்தம் என்று ஒப்புக்கொடுத்தவர். அவர் கேட்டது கிடைக்கவில்லை. ஆனாலும் அதற்குச் சற்று முன்னர், இராப்போசன வேளையில், தம் சீடருக்குச் சமாதானத்தைக் கொடுத்துப் போவதாகச் சொல்லியிருந்தார். சாவு வாசலில் நிற்கும்போது சொன்ன சமாதானம் அது. அச்சமில்லாத இடத்தில் கிடைக்கும் அமைதியை அது குறிக்கவில்லை என்பது தெளிவு.

சங்கீதப் புத்தகத்தைப் புரட்டினாலும் இதுவே தெரியும். 150 சங்கீதங்களில் முறையிடுபவை ஏராளம். 88ஆம் சங்கீதம் இருளிலேயே தொடங்கி இருளிலேயே முடிகிறது. ஆறுதல் வரியொன்றும் கடைசியில் இல்லை. அதையும் வேதத்தில் வைத்துக் காத்திருக்கிறார்கள். துயரை மறைத்துக்கொண்டு கடவுள்முன் வரவேண்டியதில்லை என்பதற்கு வேறு ஆதாரம் வேண்டுமா?

நமக்கு இது புதிதா என்று கேட்டால், இல்லை. அப்பர் பெருமான் சூலைநோய் பொறுக்காமல்தான் திருவதிகையில் சிவனிடம் கதறினார். நீற்றறையில் இடப்பட்டபோது தண்ணிழலில் இருப்பதுபோல் இருந்தார் என்பது பெரியபுராணம். நீற்றறை குளிர்ந்ததோ, அவர் மனம் குளிர்ந்ததோ என்று மாணவர் கேட்பதுண்டு. இரண்டாவதும் சிறிய அற்புதமன்று என்பேன். ஒரு வேறுபாட்டையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். கிறிஸ்தவர் அந்த அமைதியை ஒரே ஒரு சிலுவையோடு, ஒரே ஒரு நபரோடு இணைத்துச் சொல்வார்கள். அதை அவர்கள் சொல்கிறபடியே விளங்கிக்கொள்ள வேண்டும். 'எல்லாம் ஒன்றுதான்' என்று ஒரே சொல்லில் கரைத்துவிடுவது அவர்களுக்கும் மரியாதையன்று, நமக்கும் மரியாதையன்று.

சிலர் கேட்கக்கூடும்: இது மனத்துக்கு மருந்தா, வெறும் மயக்கமா? ஜெபம் தீயை நிறுத்தியதா? இல்லை. பாட்டியே அப்படிச் சொல்லவில்லை. தீ வைத்தவரை ஜெபம் நியாயப்படுத்தவும் இல்லை. மலையடிவாரத்து லயத்தில் வாழும் மக்களுக்குப் பாதுகாப்பான காணியும் வீடும் வேண்டும் என்பதற்கு ஜெபம் மாற்றும் இல்லை. பனியன் ஜெபித்தார், அநீதியான சட்டத்துக்குப் பணியவும் மறுத்தார். இரண்டும் ஒரே மனிதரால் முடிந்தது.

இனி என் சொந்த இரவொன்று.

2016ஆம் ஆண்டு மாசியில் அம்மா இறந்தார். மூத்த மகன் என்ற முறையில் எல்லாம் நானே செய்தேன். கொள்ளி, காடாற்று, கருமாதி, வந்தவரைப் பார்ப்பது, கணக்குப் பார்ப்பது. அழ நேரமில்லை, பிறகு அழவும் வரவில்லை. மே மாதம் மழை பிடித்தது. சப்ரகமுவ மழையைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அது வேறு மழை. மே 17ஆம் திகதி இரவு, எங்கள் மேல்லயத்தார் எல்லோரும் தோட்டப் பாடசாலை மண்டபத்தில் ஒதுங்கினோம். தகரக் கூரையில் மழை இரைந்தது. விளக்கில்லை. மேலே மலை. எங்காவது ஒரு கல் உருண்டாலும் மண்டபம் முழுவதும் மூச்சை நிறுத்திக் கேட்டது. என் பிள்ளைகள் இருவரும் என் கைகளை ஆளுக்கொன்றாகப் பிடித்திருந்தார்கள். தமிழாசிரியன் நான்; அவர்களுக்குச் சொல்ல ஒரு சொல் வரவில்லை.

அப்போது மண்டபத்தின் மூலையில் ஒரு குரல் எழுந்தது. உபதேசியார் வீட்டுப் பாட்டியின் மகள். பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பாட்டி காலமாகிப் பல வருடம். அதே ஆயன், அதே பள்ளத்தாக்கு, அதே கோல். அவர் தமக்காக மட்டும் கேட்கவில்லை. மழையில் எங்கெங்கோ இருப்பவர்களுக்காகக் கேட்டார். பிள்ளைகளுக்காகக் கேட்டார். செத்துப்போனவர்களை நினைத்து நன்றி சொன்னார். என் அம்மாவின் பெயரும் அதில் வந்தது. அவர் நிறுத்தியதும், மறுமூலையில் எங்கள் கோயில் பூசாரித் தாத்தா கந்தர் சஷ்டி கவசத்தைத் தொடங்கினார். யாரும் யாரையும் மறித்துப் பாடவில்லை. ஒருவர் முடிக்க ஒருவர் தொடர்ந்தார்.

என் தாயின் பெயரை அந்த இருட்டில் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது. மூன்று மாதமாக வராத அழுகை. பிள்ளைகள் பயந்துவிடவில்லை, இன்னும் நெருங்கி உட்கார்ந்தார்கள். நடுக்கம் நிற்கவில்லை. ஆனால் அம்மா சொன்னாரே, அதன் பொருள் அன்றுதான் எனக்கு விளங்கியது. 35 ஆண்டுக்கு முன் அவர் என்னை அணைத்துக்கொண்டு கேட்ட குரலை, அவர் இல்லாத இரவில், என் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு நான் கேட்டேன்.

விடிந்தபோது எங்கள் மலை நின்றிருந்தது. அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடிய செய்தியும், அதே மழையில் புளத்கொஹுபிட்டியவில் களுபஹன தோட்டத்து லயக் குடும்பங்கள் மண்ணுக்குள் போன செய்தியும் வந்தன. அரநாயக்கவில் மட்டும் இறந்தோரும் காணாமற்போனோரும் நூற்றுக்கு மேல். எங்கள் ஜெபத்தால் எங்கள் மலை நின்றது என்று ஒருவரும் சொல்லவில்லை. அங்கேயும் பிரித் ஓதியிருப்பார்கள், தேவாரம் சொல்லியிருப்பார்கள், ஜெபித்திருப்பார்கள். ஆயா அம்மா செய்தி கேட்டு நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு அரிசி சேர்க்கத் தொடங்கினார். நாங்களும் சேர்த்தோம்.

அந்த மாணவிக்கு நான் கடன்பட்டிருந்த பதில் இதுதான். அமைதி என்பது பயம் போய்விட்ட நிலை என்று நினைத்திருந்தேன். பனியனும் கிருஷ்ணபிள்ளையும், எழுத்தறியாத இரண்டு தாய்மாரும் எனக்கு வேறு விதமாகச் சொல்லித் தந்தார்கள். பள்ளத்தாக்கு இருக்கும், இருட்டு இருக்கும், முன்னால் ஒருவர் குரல் கொடுத்துக்கொண்டு போவார். அந்தக் குரலை ஒரு கிறிஸ்தவர் தம் ஆண்டவரின் துணையாக உணர்கிறார். அதற்குப் பக்கத்தில் இருக்கக் கிடைத்த எனக்கும் அதில் பங்கு கிடைத்தது.

மறுவாரம் அந்த மாணவியிடம் நூலகத்திலிருந்து இரட்சணிய யாத்திரிகத்தை எடுத்துக் கொடுத்தேன். "முழுசும் படிக்கணுமா சேர்?" என்றாள். "வேண்டாம் பிள்ள. முதல்ல குமார பருவத்தில அந்த ஒரு படலத்தை வாசி. கம்பனை வாசிச்சமாதிரி சத்தம் போட்டு வாசி" என்றேன்.

உங்களுக்கும் அதையே சொல்லி விடைபெறுகிறேன். எம்மதத்தவராயினும் இந்நூலைக் கையில் எடுத்துப் பாருங்கள். மௌனமாகப் படிக்கும் நூலன்று அது. வாய்விட்டு வாசியுங்கள், பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கட்டும்.